கான்வாஸின் பின்பக்கம்: அமெரிக்காவில் ஓவியராகத் தொழில் நடத்துவது எப்படி

ஓவியம் காய்ந்ததும், சுவரில் மாட்டுவதற்கு முன், ஒருமுறை திருப்பி வையுங்கள். பின்பக்கத்து மரச்சட்டத்தில் மென்மையான பென்சிலால் உங்கள் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எண்ணெய், அக்ரிலிக் போன்ற வண்ண வகை), அளவு ஆகியவற்றை எழுதி, கூடவே ஓர் எண்ணையும் போடுங்கள். அமெரிக்காவில் ஓர் ஓவியரின் தொழில் இந்த எண்ணில்தான் தொடங்குகிறது. கேலரி, வரித்துறை, பதிப்புரிமை அலுவலகம், நாற்பது ஆண்டு கழித்துப் பின்னோக்குக் கண்காட்சி நடத்த வரும் மியூசியம் என எல்லோரும் கேட்பது ஒன்றையே: இது எந்தப் படம், எப்போது வரைந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது? இதற்கு உடனே பதில் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. முடியாதவர்கள் நல்ல படங்களையும் பணத்தையும் சேர்த்தே இழக்கிறார்கள்.

கான்வாஸ் துணியின் மேல் மட்டும் எழுதாதீர்கள். மார்க்கர் மை நாளடைவில் துணி வழியே ஊறி முன்பக்கம் வரும். அழுத்தி எழுதிய பால்பாயின்ட் வெளிச்சம் சாய்வாக விழும்போது முன்பக்கத்தில் தடமாகத் தெரியும்.

எண் எளிமையாக இருக்கட்டும். 24-017 என்றால் 2024-இல் வரைந்த பதினேழாவது படம். காகித வேலைகளுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு படத்தை அழித்துவிட்டாலும் அதன் எண்ணை வேறு படத்துக்குக் கொடுக்கக் கூடாது. ‘அழிக்கப்பட்டது’ என்று குறித்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போங்கள். அளவை உயரம், அகலம், ஆழம் என்ற வரிசையில் அங்குலத்தில் எழுதுவது அமெரிக்கக் கேலரிகளின் வழக்கம். 40 × 30 என்றால் நின்ற படம், 30 × 40 என்றால் கிடந்த படம். இதை மாற்றி எழுதியதால் தவறான அளவில் பெட்டி செய்வதும், கண்காட்சிச் சுவர்த் திட்டம் கடைசி நாளில் குலைவதும் அடிக்கடி நடக்கிறது. ஃப்ரேமோடு சேர்ந்த அளவைத் தனியே எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள்.

இதே விவரங்கள் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டிலும் ஏற வேண்டும். ஒரு படத்துக்கு ஒரு வரி: எண், தலைப்பு, அளவு, ஊடகம், விலை, புகைப்படக் கோப்பின் பெயர், இருப்பிடம், அனுப்பிய தேதி, திரும்பிய தேதி, வாங்கியவர், கைக்கு வந்த தொகை. இவற்றில் உயிரானது இருப்பிடம்தான். படம் ஸ்டுடியோ வாசலைத் தாண்டும் அன்றே அதைத் திருத்த வேண்டும். ‘அப்புறம் எழுதிக்கொள்ளலாம்’ என்று விட்ட படங்கள்தான் மூன்று வருடம் கழித்துக் காணாமல் போயிருக்கும்.

புகைப்படம்

கேலரியும் தேர்வுக் குழுவும் முதலில் பார்ப்பது படத்தை அல்ல, புகைப்படத்தை. ஃப்ரேம் போட்டுக் கண்ணாடி மூடுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு விளக்குகளை, படத்துக்கு இருபுறமும் 45 டிகிரி கோணத்தில், சம தூரத்தில் வையுங்கள். அறையின் மற்ற விளக்குகளை அணைத்து ஜன்னலையும் மூடிவிடுங்கள். இரண்டு வகை வெளிச்சம் கலந்தால் ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் வரும், பிறகு அதைச் சரிசெய்யவே முடியாது. டிரைபாடில் கேமரா, 50 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ், எஃப்/8, ஐ.எஸ்.ஓ. 100, இரண்டு வினாடி டைமர், கேமரா சுருக்காமல் சேமிக்கும் ரா கோப்பு. முதல் ஷாட்டில் ஒரு சாம்பல் நிற அட்டையை வைத்து எடுத்துக்கொண்டால் நிறச் சமன் செய்ய வசதி.

கேமரா படத்துக்கு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு சின்னக் கண்ணாடியைப் படத்தின் நடுவில், பரப்போடு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். வியூஃபைண்டரின் நடுவில் உங்கள் லென்ஸே தெரிந்தால் சரி. லென்ஸ் ஓரமாகத் தெரிந்தாலோ தெரியவே இல்லை என்றாலோ கேமரா சாய்ந்திருக்கிறது, படம் சரிவகமாக வரும். எண்ணெய் வண்ணத்தின் பளபளப்பு வெள்ளைப் புள்ளிகளாக விழுந்தால், விளக்குகளின் முன், பளபளப்பை வடிகட்டும் போலரைசர் ஃபிலிமும் லென்ஸில் போலரைசரும் போட்டு, லென்ஸில் இருப்பதைச் சுழற்றிப் பாருங்கள். புள்ளிகள் மறையும். ஆனால் முழுக்க மறைத்தால் இம்பாஸ்டோவின் (தடிமனாகப் பூசிய வண்ணத்தின்) மேடுபள்ளமும் செத்துவிடும், கொஞ்சம் விட்டுவைப்பதே நல்லது.

விலை

தொடக்கத்தில் விலை வைக்க நம்பகமான வழி, உயரத்தையும் அகலத்தையும் கூட்டி ஓர் எண்ணால் பெருக்குவது. 40 × 30 படத்துக்கு 70 அங்குலம். அங்குலத்துக்கு 40 டாலர் என்றால் 2,800 டாலர். சதுர அங்குலக் கணக்கையும் பலர் பயன்படுத்துகிறார்கள். அதே 2,800 டாலரை 1,200 சதுர அங்குலத்தால் வகுத்தால் சுமார் 2.33 வருகிறது. இதை வைத்து 12 × 9 அளவுள்ள சின்னப் படத்துக்குக் கணக்குப் போட்டால் 252 டாலர், 80 × 60 அளவுள்ள பெரிய படத்துக்கு 11,200 டாலர். கூட்டல் முறையில் அதே படங்கள் 840, 5,600. சதுர அங்குலம் சின்னதை நஷ்டத்துக்கு விற்கச் சொல்கிறது, பெரியதை விற்கவே விடுவதில்லை. கூட்டல் முறையே மேல்.

ஸ்டுடியோவில் நேரடியாக விற்கும் விலையும் கேலரி விலையும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ‘கேலரிக்குத்தான் பாதி போகிறதே, உங்களுக்குப் பாதி விலைக்குத் தருகிறேன்’ என்று ஒருமுறை விற்றுவிட்டால் செய்தி பரவும், பிறகு எந்தக் கேலரியும் உங்களை நம்பாது. ஏற்றிய விலையை இறக்கவும் முடியாது, முன்பு வாங்கியவர்கள் ஏமாந்தவர்கள் ஆகிவிடுவார்கள். ஆகவே மெதுவாக ஏற்றுங்கள். ஒரு கண்காட்சி ஏறக்குறைய முழுவதும் விற்ற பிறகு பத்து சதவீதம் போதும்.

நேரடியாக விற்கும்போது மாநில விற்பனை வரியை வசூலித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. நியூயார்க் நகரில் அது 8.875 சதவீதம், ஆரெகன், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷயர், டெலவேர் மாநிலங்களில் இந்த வரி இல்லை. விற்பதற்கு முன்பே மாநில வரித்துறையில் பதிவு செய்துகொள்ளுங்கள். கேலரி விற்றால் அவர்களே வசூலிப்பார்கள்.

விண்ணப்பங்கள்

ஓவியர்கள் சில வாரம் தங்கி வேலை செய்ய இடம் தரும் ரெசிடென்சிகளுக்கு விண்ணப்பிக்கும்போது இருபது படங்கள் கேட்டால் மூன்று விதமான பாணிகளைக் காட்டாதீர்கள். ஒரே யோசனையில் ஊறிய, கடந்த இரண்டு மூன்று ஆண்டு வேலையை மட்டும் அனுப்புங்கள். மெயின் மாநிலத்தில் 1946-இல் தொடங்கிய ஸ்கௌஹீகன் கோடையில் ஒன்பது வாரம் நடக்கிறது. நியூ ஹாம்ப்ஷயரின் பீட்டர்பரோவில் 1907 முதல் இயங்கும் மக்டவல், தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வாங்குவதில்லை. இப்படிப்பட்ட இடங்களில் கிடைக்கும் நேரத்தைவிட அங்கே கிடைக்கும் சக ஓவியர்கள் முக்கியம். கேலரிக்காரர்கள் புதியவர்களை அறிவது பெரும்பாலும் தங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஓவியர்கள் சொல்லித்தான். முன்பின் தெரியாத கேலரிக்கு மின்னஞ்சலில் இருபது படம் அனுப்புவது அனேகமாக வீண்.

இசையமைப்பாளர் ஜான் கேஜும் ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸும் 1963-இல் தொடங்கிய சமகாலக் கலைகளுக்கான அறக்கட்டளை, எதிர்பாராமல் வரும் கண்காட்சி வாய்ப்புக்கான அவசரச் செலவுக்கு உதவுகிறது. லாப நோக்கற்ற அமைப்பில் கண்காட்சி என்றால் ஓவியருக்கான கட்டணம் உண்டா என்று தயங்காமல் கேளுங்கள். இதைக் கேட்பதை வழக்கமாக்கவே 2008-இல் வேஜ் என்ற அமைப்பு நியூயார்க்கில் உருவானது.

எவ்வளவு காலம் ஆகும்? ஓவியர் ஏமி ஷெரல்ட் பால்டிமோரில் எம்.எஃப்.ஏ. என்ற நுண்கலை முதுகலைப் பட்டம் முடித்தது 2004-இல். 38 வயது வரை உணவகத்தில் பரிமாறும் வேலை பார்த்தார். நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியின் போட்டியில் 2016-இல்தான் முதல் பரிசு கிடைத்தது, அவர் வரைந்த மிஷெல் ஒபாமாவின் உருவப்படம் 2018-இல் திறக்கப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடிக்க ஒரு வேலையும் ஒழுங்கான கணக்கும் வேண்டும் என்று திட்டமிட்டே இறங்குங்கள்.

கேலரியிடம் ஒப்படைக்கும்போது

அதிகம் இழப்பது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். அமெரிக்கக் கேலரிகள் பெரும்பாலும் படத்தை வாங்குவதில்லை. விற்றுத் தருவதாக கன்சைன்மென்டில் எடுக்கின்றன. விற்கும் வரை படம் உங்களுடையது. பங்கு வழக்கமாகப் பாதிக்குப் பாதி. கைகுலுக்கலோடு படத்தைக் கொடுத்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அவர்களிடம் ஒப்பந்தப் படிவம் இல்லையென்றால் நீங்களே இரண்டு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட பிறகே வண்டியில் ஏற்றுங்கள்.

அதில் முதலில் படங்களின் பட்டியல்: எண், தலைப்பு, அளவு, சில்லறை விலை. பிறகு முடிவுத் தேதி. தேதி இல்லாத கன்சைன்மென்ட் ஆண்டுக்கணக்கில் அவர்கள் கிடங்கில் தூங்கும். விற்ற எத்தனை நாளில் பணம் தர வேண்டும் என்றும் எழுதுங்கள். கேலரிக்குப் பணம் வந்து 30 நாளில் என்பது நியாயமான கெடு. காப்பீடு எந்தத் தொகைக்கு என்பதைக் கவனியுங்கள், உங்கள் பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும். போகும்போது அனுப்பும் செலவு யாருக்கு, விற்காமல் திரும்பும்போது யாருக்கு என்பதும் எழுத்தில் வரட்டும். அடுத்தது வாங்கியவரின் பெயர். இதைத் தரப் பல கேலரிகள் தயங்கும், அவர்களைத் தாண்டி நீங்கள் நேரே விற்றுவிடுவீர்களோ என்ற பயம். ஆனாலும் விடாதீர்கள். பிற்காலத்தில் ஒரு மியூசியம் கண்காட்சிக்கு அந்தப் படத்தை இரவல் கேட்டால், அது யார் வீட்டில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தள்ளுபடி பற்றிய ஒரே ஒரு வரி எவ்வளவு பணத்தை நகர்த்தும் என்று பாருங்கள். 24-017 படத்தின் விலை 2,800. வாங்குபவருக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்து 2,520-க்கு விற்கிறார்கள். தள்ளுபடியை இருவரும் பகிர்ந்தால் உங்களுக்கு 1,260. கேலரியே ஏற்றால் 1,400. ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாமல், அவர்கள் தங்கள் 1,400-ஐ எடுத்துக்கொண்டு மீதியைத் தந்தால் 1,120. பத்து சதவீதம் வரை பகிர்வு, அதற்கு மேல் உங்கள் சம்மதம் வேண்டும் என்று எழுதுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஃப்ரேமுக்கு நீங்கள் 200 டாலர் போட்டிருந்தால், அதைக் கழித்துவிட்டுப் பங்கு பிரிக்கும்படி கேளுங்கள்: 2,320-இல் பாதி 1,160, அதோடு உங்கள் 200, மொத்தம் 1,360. இந்த வரி இல்லாவிட்டால் ஃப்ரேம் செலவு முழுவதும் உங்கள் தலையில்.

கேலரி திவாலானால்? நியூயார்க்கின் கலை, பண்பாட்டு விவகாரச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, ஓவியர் ஒப்படைத்த படமும் அதை விற்ற பணத்தில் அவருக்குரிய பங்கும் கேலரி அவருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து; கேலரியின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. 2007-இல் சாலண்டர்-ஓ’ரைலி கேலரி சரிந்து, படங்களை ஒப்படைத்தவர்கள் தவித்த பிறகு, 2012-இல் இந்தச் சட்டம் மேலும் இறுக்கப்பட்டது. எல்லா மாநிலத்திலும் இவ்வளவு பாதுகாப்பு கிடையாது. கேலரி வேறு மாநிலத்தில் இருந்து, படங்களின் மதிப்பும் பெரிதென்றால், அந்தப் படங்களின் மேல் உங்களுக்கு உரிமை உண்டு என்று கடன்காரர்களுக்கு அறிவிக்கும் யு.சி.சி.-1 என்ற படிவத்தைக் கேலரி பதிவான மாநிலத்தின் செயலாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். கட்டணம் கொஞ்சம்தான். இதில் அடிக்கடி நேரும் தவறு பெயர். பலகையில் உள்ள பெயரை எழுதுகிறார்கள். எழுத வேண்டியது கேலரியின் சட்டப்பூர்வமான நிறுவனப் பெயர், எல்.எல்.சி. உட்பட எழுத்துக்கு எழுத்து. தேடும்போது கிடைக்காத பெயரில் செய்த தாக்கல் செல்லாது. ஐந்து ஆண்டில் காலாவதியாகும் என்பதால், கடைசி ஆறு மாதத்துக்குள் நீட்டிப்பு தாக்கல் செய்ய வேண்டும்.

கட்டி அனுப்புதல்

அக்ரிலிக் பரப்பில் குமிழ் ஷீட்டை நேரடியாகச் சுற்றாதீர்கள். அக்ரிலிக் வெயிலில் இளகும். கோடையில் லாரிக்குள் இருக்கும் சூட்டில் குமிழ்கள் பரப்பில் வட்டவட்டமாகப் பதிந்துவிடும், அந்தத் தடம் போகாது. முதலில் சிலிக்கோன் பூசிய ஒட்டாத காகிதம், அதன்மேல் மூலைக் காப்பு, பிறகு குமிழ்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி ஷீட், கடைசியில் எல்லாப் பக்கமும் இரண்டு அங்குல ஃபோம் உள்ள பெட்டி. பெட்டிக்குள்ளும் எண்ணையும் முகவரியையும் எழுதி வையுங்கள். கூரியரில் நீங்கள் அறிவிக்கும் மதிப்பு காப்பீடு ஆகாது. விலை அதிகமான படத்துக்குத் தனிக் காப்பீடு தேவை.

வரி

சொந்தமாகத் தொழில் செய்யும் ஓவியர் வரவுசெலவை, வரித் தாக்கலோடு இணைக்கும் ஷெட்யூல் சி என்ற படிவத்தில் காட்டுகிறார். நிகர லாபம் 400 டாலரைத் தொட்டாலே சுயதொழில் வரி வரும்: லாபத்தின் 92.35 சதவீதத்துக்கு 15.3 சதவீதம். லாபம் 20,000 என்றால் 18,470-க்குக் கணக்கிட்டு சுமார் 2,826 டாலர். இது வருமான வரிக்கு மேல் தனி. புதியவர்களைக் கவிழ்ப்பது இந்த வரிதான், சம்பளத்தில் பிடித்ததைப் பார்த்தே பழகியவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை. ஆண்டுக் கடைசியில் 1,000 டாலர் அல்லது அதற்கு மேல் கட்ட வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 ஆகிய நாள்களில் தவணையாகக் கட்ட வேண்டும். தவறினால் அபராதம். விற்ற காசோலை வந்த அன்றே கால்பங்கை வேறு கணக்குக்கு மாற்றிவிடுவது நல்ல பழக்கம். மானியமும் பரிசுப் பணமும் வரிக்கு உட்பட்டவையே.

பெயின்ட், கான்வாஸ், ஸ்டுடியோ வாடகை, போக்குவரத்து, விண்ணப்பக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்துக்கொள்ளுங்கள். மற்ற உற்பத்தியாளர்களைப் போலச் சரக்கு விற்கும் வரை காத்திருக்க வேண்டாம். ஓவியர்களுக்குச் சட்டத்திலேயே விலக்கு உண்டு, பொருள் செலவை அந்த ஆண்டே கழிக்கலாம். வீட்டு அறையை ஸ்டுடியோவாகக் காட்ட வேண்டுமானால் அந்த இடம் வேறெதற்கும் பயன்படக் கூடாது. விருந்தினர் கட்டில் கிடக்கும் அறை தகுதி பெறாது.

தர்ம ஏலத்துக்குப் படம் கேட்டு வருபவர்கள் ‘வரிவிலக்கு கிடைக்கும்’ என்பார்கள். 1969-இல் மாறிய சட்டத்தின்படி, தன் படத்தைத் தானே தானம் செய்யும் ஓவியர் பொருள் செலவை மட்டுமே கழிக்க முடியும். 2,800 டாலர் படத்துக்குத் துணியும் பெயின்ட்டும் 90 டாலர் என்றால் விலக்கு அந்த 90-க்குத்தான். அதையும் முன்பே செலவாகக் கழித்திருந்தால் ஒன்றுமில்லை. அதே படத்தை வாங்கி ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த சேகரிப்பாளர் மியூசியத்துக்குக் கொடுத்தால் முழுச் சந்தை மதிப்பையும் கழிக்கலாம். இது பெரிய அநீதி, ஆனால் சட்டம் இன்னும் இப்படித்தான் நிற்கிறது. கொடுப்பதாக இருந்தால் அந்த அமைப்பின் மேல் உள்ள அன்புக்காகக் கொடுங்கள், வரிக்காக அல்ல.

விற்ற பிறகும் உங்களிடம் இருப்பவை

படத்தை விற்றாலும் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஒழிய அது கைமாறாது. உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் செல்லும். பதிவு செய்யாமலேயே உரிமை உண்டு என்றாலும், அமெரிக்கப் படைப்புக்காக வழக்குப் போடப் பதிவு கட்டாயம். திருட்டு நடப்பதற்கு முன்போ, முதலில் வெளியிட்ட மூன்று மாதத்துக்குள்ளோ பதிவு செய்திருந்தால், இழப்பை நிரூபிக்காமலே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை இழப்பீடு கேட்கலாம். வேண்டுமென்றே செய்த திருட்டானால் 1,50,000 வரை. வெளியிடாத பத்துப் படங்கள் வரை ஒரே விண்ணப்பத்தில் 85 டாலருக்குப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டுமுறை இதைச் செய்தால் போதும். கண்காட்சியில் மாட்டுவது மட்டும் ‘வெளியீடு’ ஆகாது, ஆனால் பிரின்ட் போட்டு விற்கக் கொடுத்தால் ஆகும்.

1990-இன் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டம் இன்னொரு கவசம். ஓவியம், சிற்பம், மற்றும் 200 பிரதிகளுக்கு மிகாமல் கையெழுத்திட்டு வரிசை எண் போட்ட பிரின்ட்கள் இதில் அடங்கும். உங்கள் பெயருக்குக் களங்கம் வரும்படி அவற்றைச் சிதைப்பதையும், அங்கீகாரம் பெற்ற படைப்பை அழிப்பதையும் நீங்கள் இருக்கும் வரை தடுக்கலாம். நியூயார்க்கின் குவீன்ஸில் 5பாயின்ட்ஸ் கட்டடத்தின் சுவரோவியங்களை உரிமையாளர் 2013-இல் இரவோடு இரவாக வெள்ளையடித்தார். 45 படைப்புகளுக்கு, ஒன்றுக்கு 1,50,000 வீதம் 67.5 லட்சம் டாலர் தர நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது, மேல்முறையீட்டிலும் அது நின்றது. சுவரோவிய ஒப்பந்தம் வந்தால் முதலில் இந்த உரிமையை விட்டுக்கொடுக்கும் ஷரத்து இருக்கிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் இருக்கும். அந்த ஷரத்தை அடித்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள், அல்லது அதற்கேற்பக் கூலியை உயர்த்திக் கேளுங்கள். புரியாத ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல, வருமானம் குறைந்த ஓவியர்களுக்காக 1969 முதல் நியூயார்க்கில் தன்னார்வ வழக்கறிஞர் அமைப்பு இருக்கிறது.

உங்களிடம் இல்லாதது மறுவிற்பனைப் பங்கு. கெரி ஜேம்ஸ் மார்ஷலின் ‘பாஸ்ட் டைம்ஸ்’ ஓவியத்தை சிகாகோவின் மாநாட்டு மைய நிர்வாகம் 1997-இல் 25,000 டாலருக்கு வாங்கியது. 2018-இல் அது ஏலத்தில் 2.11 கோடி டாலருக்குப் போனது. ஓவியருக்கு அதில் சட்டப்படி ஒரு சென்ட்டும் சேர வேண்டியதில்லை. மறுவிற்பனை விலையில் ஐந்து சதவீதத்தை ஓவியருக்குத் தரச் சொன்ன கலிஃபோர்னியாவின் சட்டமும் 2018-இல் நீதிமன்றத்தில் ஏறக்குறைய முழுவதும் வீழ்ந்தது. ஒப்பந்தம் வழியாக மட்டும் ஒரு வழி இருக்கிறது: கண்காட்சி அமைப்பாளர் சேத் சீகலாப்பும் வழக்கறிஞர் ராபர்ட் ப்ரொஜான்ஸ்கியும் 1971-இல் எழுதிய படிவம். மறுவிற்பனையில் ஏறிய மதிப்பில் 15 சதவீதம் ஓவியருக்கு என்கிறது அது. முழுப் படிவத்துக்கும் கையெழுத்திட வாங்குபவர்கள் தயங்குகிறார்கள். இரண்டு வரியை மட்டும் இன்வாய்ஸில் சேர்த்து, விற்பனைக்கு முன்பே காட்டிக் கையெழுத்து வாங்குவது எளிது: கண்காட்சிக்கு இரவல் கேட்டால் தர வேண்டும், கைமாறினால் தெரிவிக்க வேண்டும். அந்தத் தகவல் வந்த அன்று 24-017 வரியில் பழைய பெயரை அழிக்காமல், அதற்குப் பக்கத்தில் புதிய பெயரையும் தேதியையும் எழுதுங்கள்.